பக்லாவா: வீட்டு ஓவனில் மொறுமொறுப்பாகச் செய்ய முழுமையான வழிகாட்டி

பக்லாவா என்றதும் "ஐயோ, பல் கூசும் இனிப்பு" என்று சொல்பவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்கள் மேல் குற்றமில்லை. துபாயிலிருந்தோ தோஹாவிலிருந்தோ கிளம்பிய டப்பா, விமானம் ஏறி, சொந்தக்காரர் வீடுகளைச் சுற்றி நம் கைக்கு வரும்போது பல நாள் ஆகியிருக்கும். பாகு ஊறி ஊறித் தாள்கள் தொய்ந்து போயிருக்கும். அன்றைக்குச் செய்த பக்லாவா முற்றிலும் வேறு. கரண்டி இறங்கும்போதே சரசரவென்று சத்தம் கேட்கும். வாயில் வைத்தால் முதலில் நெய் வாசனை, அப்புறம் பருப்பு, அதற்குப் பிறகுதான் இனிப்பு.

அந்தப் பக்லாவாவை நம் வீட்டு ஓடிஜி ஓவனிலேயே செய்யலாம். கடையில் உறைந்த நிலையில் கிடைக்கும் ஃபிலோ தாளை, அதாவது காகிதம் போல மெல்லிசாகத் தேய்த்த மாவுத் தாளை, வைத்து முதலில் ஒரு தட்டு, கை பழகிய பிறகு மாவைப் பிசைந்து நாமே தேய்த்த தாளில் இன்னொரு தட்டு என்று இந்த வழிகாட்டி போகிறது. ஒரு விஷயத்தை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பக்லாவாவைக் கெடுப்பது ஈரம். நெய்யில் மிச்சமிருக்கும் தண்ணீர், பருப்பில் ஒட்டிய ஈரம், அரைவேக்காட்டு மாவுக்குள் தங்கிய ஈரம், இவை எல்லாம் தாளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பிசினாக்கிவிடும். பாகு ஊற்றும் நேரம் வரை தட்டுக்குள் ஈரமே இருக்கக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

எந்த ஊர்ப் பக்லாவா?

போஸ்னியாவிலிருந்து ஈரான் வரை, ஆர்மீனியாவிலிருந்து அல்ஜீரியா வரை இந்த இனிப்பு உண்டு. எல்லோரும் தங்களுடையது என்பார்கள். 10-ஆம் நூற்றாண்டு பாக்தாத் சமையல் நூலிலேயே மெல்லிய தாளில் பாதாமை வைத்துச் சுருட்டும் லவ்சினாஜ் என்ற பலகாரம் இருக்கிறது. துருக்கிய மக்களிடம் அடுக்கு ரொட்டி செய்யும் வழக்கமும் பழையது. இவையெல்லாம் ஒட்டோமான் பேரரசின் இஸ்தான்புல்லில் வந்து சேர்ந்து, தோப்காபி அரண்மனைச் சமையலறையில் மெருகேறி, அங்கிருந்து பேரரசின் மூலை முடுக்கெல்லாம் பரவியது என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் கதை. ரமலான் மாதத்தின் 15-ஆம் நாள் சுல்தான் தன் நேரடிக் காவல் படையான ஜானிசரிப் படையினருக்குப் பத்துப் பேருக்கு ஒரு தட்டு வீதம் பக்லாவா கொடுப்பார். துணியில் கட்டிய தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வீரர்கள் நகரத் தெருக்களில் ஊர்வலமாகப் போவார்கள். 1826-இல் அந்தப் படை கலைக்கப்பட்டதோடு ஊர்வலமும் நின்றது. பக்லாவா நிற்கவில்லை.

இன்று பக்லாவாவின் தலைநகரம் என்றால் துருக்கியின் தென்கிழக்கில், சிரிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் காசியான்டெப்தான். சுருக்கமாக ஆன்டெப் என்பார்கள். 2013 டிசம்பரில் ஆன்டெப் பக்லாவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டைப் பெற்ற முதல் துருக்கியப் பொருள் அதுதான். 2015-இல் யுனெஸ்கோ அந்த ஊரை உணவுக் கலைக்கான படைப்பாக்க நகரமாகச் சேர்த்துக்கொண்டது. அங்கே உஸ்தாக்கள் (கைதேர்ந்த பக்லாவா மாஸ்டர்கள்) ஒக்லாவா என்ற மெலிந்த நீளமான கட்டையால், நடுவில் ஸ்டார்ச் தூவிய பத்துப் பன்னிரண்டு தாள்களை ஒன்றாக அடுக்கித் தேய்க்கிறார்கள். தாளுக்கு அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும், அவ்வளவு மெல்லிசு. ஆட்டுப்பால் நெய், முற்றும் முன்பே பறித்த பச்சைப் பிஸ்தா, ஓக் விறகு அடுப்பு என்று ஒவ்வொன்றிலும் பிடிவாதமாக இருப்பார்கள்.

நாம் செய்யப் போவது இந்த ஆன்டெப் முறையை ஒட்டியது. பருப்பு நடுவில் ஒரே அடுக்காக, பாகு வெறும் சர்க்கரையில், மசாலா எதுவும் இல்லாமல். முதல்முறை இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். பட்டை, கிராம்பு, தேன் எல்லாம் சேர்த்தால் நெய்யும் தாளும் சரியாக வந்தனவா என்பதே தெரியாமல் போய்விடும்.

தேவையானவை

23 × 33 செ.மீ. உலோகத் தட்டு ஒன்றுக்கு, ஏறக்குறைய 40 துண்டுகள் வரும் அளவு இது.

ஃபிலோ தாள்: 450 கிராம் பாக்கெட் ஒன்று
நெய்: 250 கிராம்
உப்பில்லாத, வறுக்காத பிஸ்தா அல்லது வால்நட்: 350 கிராம்
சர்க்கரை: 450 கிராம்
தண்ணீர்: 300 மி.லி.
எலுமிச்சைச் சாறு: ஒரு மேசைக்கரண்டி

கண்ணாடித் தட்டு வேண்டாம். மெல்லிய அலுமினியத் தட்டில் அடிப்பாகம் சீக்கிரம் சூடேறி நன்றாகப் பொரியும். கண்ணாடியில் மேலே சிவந்த பிறகும் அடியில் வெள்ளையாகவே இருக்கும்.

நெய்

வெண்ணெயில் 16 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. அதை அப்படியே உருக்கித் தடவினால் அந்தத் தண்ணீரைத் தாள் குடித்துவிடும். வெண்ணெயில் உள்ள பால் கசடு ஓவன் சூட்டில் கருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால்தான் துருக்கியில் கசடு நீக்கிய நெய்யையே பயன்படுத்துகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நமக்கு வேலை மிச்சம்.

ஆனால் எந்த நெய்யும் சரி என்று இல்லை. நம் வீடுகளில் நெய்யை மணல் மணலாகச் சிவக்கும் வரை காய்ச்சி, முருங்கைக்கீரையோ வெற்றிலையோ கிள்ளிப் போட்டு இறக்குவோம். சாதத்துக்கும் பருப்புக்கும் அது அமிர்தம். பக்லாவாவில் அந்த வாசனை பிஸ்தாவை அமுக்கிவிடும். கீரை போடாமல், கசடு பொன்னிறம் தொடும் முன்பே இறக்கிய வெளிர் நெய்தான் இங்கே வேண்டும். வீட்டில் காய்ச்சுவதானால் 320 கிராம் உப்பில்லாத வெண்ணெயைக் குறைந்த தீயில் உருக்குங்கள். படபடவென்ற சத்தம் அடங்கி, மேல் நுரை மெலிந்து, அடியில் கசடு தெரிந்ததும் இறக்கி, ஐந்து நிமிடம் தெளியவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கடை நெய் என்றால் உருக்கிய பின் மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, அடியில் உள்ள கசடை விட்டுவிடுங்கள்.

வேலை நடக்கும் நேரம் முழுக்க நெய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். உறைந்த நெய்யைப் பிரஷால் இழுத்தால் தாள் கிழியும்.

பருப்பு

ஆன்டெப் பிஸ்தா சிறியது, பச்சை நிறம் தூக்கலாக இருக்கும், எண்ணெய் வாசனை அதிகம். நம் ஊரில் அதற்குக் கொஞ்சம் கிட்டே வருவது, உலர்பழக் கடைகளில் பிஷோரி பிஸ்தா என்ற பெயரில் விற்கும் ஒடுக்கமான பச்சைப் பருப்பு. விலை அதிகம்தான். கட்டுப்படியாகாவிட்டால் வால்நட் போடுங்கள், குறையே இல்லை. துருக்கியிலேயே வீட்டுப் பக்லாவா பெரும்பாலும் வால்நட்டில்தான். போஸ்னியாவிலும் கிரீஸிலும் வால்நட்டே முதல் இடம். ஒரு பருப்பை வாயில் போட்டுப் பாருங்கள். காறல் வாடை இருந்தால் அந்தப் பாக்கெட்டை ஒதுக்கிவிடுங்கள். வால்நட் சீக்கிரம் காறிப்போகும் பருப்பு, அதன் ருசியை எந்தப் பாகும் மறைக்காது.

வறுக்க வேண்டாம், ஓவனிலேயே வறுபடும். மழைக்காலமாக இருந்தாலோ பருப்பு நமத்திருந்தாலோ 100 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வைத்து எடுத்து முழுக்க ஆறவிடுங்கள். மிக்ஸியில் ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். ஒரு சுற்று விட்டு நிறுத்தி, கிளறி, மறுபடி ஒரு சுற்று என்று போங்கள். மொத்த ரவை அளவில், நடுநடுவே அரிசி அளவுத் துண்டுகளும் இருப்பதுதான் பதம். அலங்காரத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி தனியாக எடுத்து, அதை மட்டும் இன்னும் பொடியாக்கிக்கொள்ளுங்கள். பருப்போடு சர்க்கரை சேர்க்கக் கூடாது, சூட்டில் அது உருகி அடியில் ஒட்டும்.

பாகை முதலில் காய்ச்சிவிடுங்கள்

சுடச்சுட இறக்கிய பக்லாவாவில் ஆறிய பாகு. வீட்டு ஓவனுக்கு இந்த ஜோடிதான் நம்பகமானது. ஆகவே பாகு முதல் வேலை.

சர்க்கரையையும் தண்ணீரையும் சேர்த்து அடுப்பில் வைத்து, கரையும் வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டு மிதமான தீயில் எட்டிலிருந்து பத்து நிமிடம் கொதிக்கட்டும். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையின் ஒரு பகுதியை உடைத்துக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் ஆக்கிவிடுவதால் பாகு பூத்துப் போகாது. சாறு விடாமல் செய்தால் மறுநாள் துண்டுகளின் மேல் வெள்ளை வெள்ளையாகச் சர்க்கரை படிந்திருக்கும்.

பதம் பார்ப்பது நமக்குக் கைவந்த வேலை. இங்கே கம்பிப் பதம் வரவே கூடாது. ஒரு சொட்டை ஆறவிட்டு விரலிடுக்கில் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும், கம்பி இழுக்கக் கூடாது. குலாப் ஜாமுன் பாகைவிட ஒரு பிடி கெட்டி. தெர்மாமீட்டர் இருந்தால் 104 அல்லது 105 டிகிரி. இதைவிடத் தண்ணியாக இருந்தால் தாள் ஊறிக் குழையும். கெட்டியாக இருந்தால் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். அடுப்பை அணைத்து, அறைச் சூட்டுக்கு ஆறவிடுங்கள்.

ஆன்டெப் உஸ்தாக்கள் கொதிக்கும் பாகையே சூடான தட்டில் ஊற்றுவார்கள். விறகடுப்பில் அடிவரை ஒட்ட உலர்ந்த, அவ்வளவு மெல்லிய தாளில் அது சரியாக வரும். கடைத் தாளில் அதைச் செய்தால் தொய்ந்துவிடுகிறது.

தாளைக் கையாள்வது

பாக்கெட்டை முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறுநாள் பிரிக்கும் முன் இரண்டு மணி நேரம் வெளியே இருக்கட்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் மடிப்புகளில் முறியும். வெயிலிலோ ஓவன் மேலோ வைத்து உருக்கினால் வேர்த்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பாக்கெட்டைத் திறக்கும் முன் நெய், பருப்பு, பிரஷ், தட்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நம் ஊர்ச் சமையலறையில் இது கஷ்டம்தான், ஆனாலும் நிறுத்துங்கள். காற்றுபட்டால் ஐந்தே நிமிடத்தில் தாள் அப்பளமாகி நொறுங்கும். விரித்த கட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி. ஈரத்துணி நேரடியாகத் தாளில் படக் கூடாது.

450 கிராம் பாக்கெட்டில் பெரும்பாலும் 18 முதல் 20 தாள் இருக்கும். கட்டை மொத்தமாகக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டினால் தட்டுக்குப் பொருந்தும் 36 முதல் 40 தாள்கள் கிடைக்கும். ஓரம் நீண்டிருந்தால் மடிக்காமல் வெட்டிவிடுங்கள். மடிந்த ஓரம் வேகாது.

அடுக்குதல்

தட்டின் அடியிலும் பக்கங்களிலும் நெய் தடவுங்கள். முதல் தாளை விரித்து, பிரஷால் நெய்யைத் தெளித்தாற்போலத் தொட்டுத் தொட்டுத் தடவுங்கள். ஒவ்வொரு தாளும் நெய்யில் குளிக்க வேண்டியதில்லை. அங்கங்கே வறண்ட திட்டு இருந்தால் நல்லதே, தாள்களுக்கிடையே காற்று தங்கும். இப்படிப் பாதித் தாள்களை அடுக்குங்கள். கிழிந்த தாள்கள் இருக்கத்தான் செய்யும். அவற்றை நடு அடுக்குகளில் போட்டுவிடலாம். நல்ல முழுத் தாள் நாலைந்தை மட்டும் மேல் அடுக்குக்கு ஒதுக்கி வையுங்கள்.

பருப்பைச் சமமாகப் பரப்புங்கள், ஓரங்களை மறக்காமல். கையால் அழுத்த வேண்டாம். அதன் மேல் மீதித் தாள்கள், அதே மாதிரி. கையில் குறைந்தது 80 கிராம் நெய்யாவது மிச்சமிருக்க வேண்டும், அது பிறகு தேவைப்படும்.

ஆன்டெப்பில் பருப்புக்கு அடியில் பாலும் ரவையும் காய்ச்சிய கெட்டிக் கூழை மெல்லியதாக வைப்பார்கள். அருமையான சேர்க்கை. ஆனால் அது ஈரம், நம் ஊர் வெப்பத்தில் சீக்கிரம் கெடவும் செய்யும். கை பழகும் வரை அது வேண்டாம்.

வெட்டுதல்

சுடும் முன்புதான் வெட்ட வேண்டும், வேறு வழியில்லை. வெந்த பிறகு கத்தி வைத்தால் மேல் தாள்கள் சில்லு சில்லாக உடையும். பாகு இறங்க வழியும் இருக்காது. தட்டைப் பதினைந்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்தால் நெய் இறுகி, தாள் நகராமல் வெட்ட வரும். நல்ல கூர்க்கத்தி எடுத்து, நான்கு செ.மீ. இடைவெளியில் நீளவாக்கில் கோடுகள், பிறகு மூலையிலிருந்து சாய்வாகக் கோடுகள். டைமண்ட் துண்டுகள் கிடைக்கும். ஒரு கையின் விரல்களால் தாளை இருபுறமும் மெதுவாக அழுத்திப் பிடித்து, கத்தியை மேலும் கீழுமாக இறக்கி வெட்டுங்கள். இழுத்தால் தாள் சுருண்டு வரும். கத்தி முனை தட்டின் அடியைத் தொடுவது காதில் கேட்க வேண்டும்.

மிச்ச நெய்யை நன்றாகச் சூடாக்கி, வெட்டிய கோடுகளின் மேல் ஊற்றுங்கள். சலசலவென்று உள்ளே இறங்கும். இது துருக்கியக் கடைகளின் முறை. வெட்டின் பக்கவாட்டு முழுதும் நெய் பிடித்துவிடுவதால் ஒவ்வொரு இதழும் தனித்தனியாக விரியும்.

சுடுதல்

ஓடிஜியில் மேல், கீழ் இரண்டு கம்பிகளையும் போட்டு, 165 டிகிரியில் பதினைந்து நிமிடம் முன்சூடு செய்யுங்கள். தட்டு நடுக்கம்பித் தட்டில் இருக்கட்டும். 50 முதல் 60 நிமிடம். பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள். காற்றுச் சுழலும் கன்வெக்ஷன் ஓவன் என்றால் 150 டிகிரி போதும். வீட்டு ஓவன்களின் டயல் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றல்ல. தனி ஓவன் தெர்மாமீட்டர் வாங்குவது வீண் செலவே இல்லை.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். மேலே பொன்னிறம் வந்ததுமே இறக்கிவிடுகிறார்கள். அடியில் இருக்கும் பதினெட்டு, இருபது தாள் அப்போதும் வெள்ளையாக, ஈரமாக இருக்கும். அதில் பாகு பட்டால் மாவுக்களிதான். மேலே சீக்கிரம் சிவந்தால் ஒரு அலுமினியத் தாளை லேசாகப் போர்த்திவிட்டுச் சூட்டைப் பத்து டிகிரி குறைத்துத் தொடருங்கள். வெந்துவிட்டதா என்று இரண்டு விதத்தில் தெரியும். முதலாவது, துண்டுகளுக்கு இடையே நெய் நுரைத்துக் கொதிக்கும் சத்தம் அடங்கியிருக்கும். நுரைப்பது தண்ணீர் ஆவியாவதால்தான். அது அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று பொருள். இரண்டாவது, ஓரத்துத் துண்டு ஒன்றைக் கத்தியால் நெம்பி அடியைப் பாருங்கள். மேலே உள்ள அதே நிறம் அடியிலும் இருந்தால் இறக்கலாம். தட்டில் நெய் குளம் கட்டியிருந்தால் சாய்த்து வடித்துவிடுங்கள். அந்த நெய்யும் வீணாகாது, கேசரிக்குப் போடலாம்.

பாகு ஊற்றுதல்

இறக்கி இரண்டு நிமிடம், அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். ஆறிய பாகை ஒரு கரண்டியால் வெட்டுக் கோடுகளின் மேல் வரிசையாக விடுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம் வரும். அது வந்தால் தட்டு சரியான சூட்டில் இருக்கிறது. முதலில் முக்கால் பங்கு பாகு. ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். எல்லாம் இறங்கியிருந்தால் மீதியையும் விடலாம். ஓரத்தில் தேங்கி நின்றால் போதும், மீதியைப் பிடிவாதமாக ஊற்றாதீர்கள்.

மூடாதீர்கள். மூடினால் ஆவி மேலே படிந்து சொட்டும், இவ்வளவு நேரம் விரட்டிய ஈரம் திரும்ப வந்துவிடும். ஈ, எறும்பு பயம் இருந்தால் தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்துக்குள் ஒரு கிண்ணத்தின் மேல் தூக்கி வைத்து, வலைமூடியால் மூடுங்கள். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். இரவு செய்தால் காலையில் சாப்பிடலாம். பரிமாறும் முன் ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு சிட்டிகை பிஸ்தாப் பொடி.

சாப்பிடும்போது துண்டைத் தலைகீழாகத் திருப்பி, பாகு பிடித்த அடிப்பாகம் மேலண்ணத்தில் படுமாறு கடிப்பது ஆன்டெப்காரர்களின் வழக்கம். செய்து பாருங்கள், ருசி மாறுவது தெரியும். கூடவே பாலும் சர்க்கரையும் போடாத கட்டன் சாயா.

நாமே தேய்க்கும் தாள்

கடைத் தாளில் ஒரு தட்டு நன்றாக வந்துவிட்டால் இதில் இறங்கலாம். மைதா 500 கிராம், முட்டை ஒன்று, உப்பு ஒரு தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, தண்ணீர் சுமார் 220 மி.லி. முட்டை வேண்டாம் என்றால் தண்ணீரை 40 மி.லி. கூட்டிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். காது மடலைத் தொட்டால் எப்படி இருக்குமோ அந்தப் பதம் என்று துருக்கிய வீடுகளில் சொல்வார்கள். ஈரத்துணி போட்டு மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். பசை இளகாத மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

மாவை 24 உருண்டையாக்கி, மூடி வைத்து இன்னும் இருபது நிமிடம். ஒவ்வொன்றையும் பூரியைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தேய்த்து, கார்ன்ஃப்ளார் தாராளமாகத் தூவி, எட்டு எட்டாக அடுக்குங்கள். துருக்கியில் கோதுமை ஸ்டார்ச். நமக்குக் கார்ன்ஃப்ளார் என்ற பெயரில் வரும் வெள்ளை ஸ்டார்ச் சரியாக இருக்கும். மஞ்சள் மக்காச்சோள மாவை வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் மட்டுமல்ல, விளிம்பு வரை ஸ்டார்ச் போக வேண்டும். விளிம்புதான் முதலில் ஒட்டும்.

இப்போது எட்டையும் சேர்த்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேயுங்கள். சப்பாத்திக் கட்டையைவிட மெலிந்த, நீளமான கட்டை இருந்தால் வேலை பாதியாகும். பாதியில் ஒருமுறை தாள்களைப் பிரித்து, ஸ்டார்ச் தூவி, மேலே இருந்ததைக் கீழே மாற்றி மறுபடி அடுக்குங்கள். மேல் தாள் எப்போதும் அதிகம் விரியும், அடித்தாள் பின்தங்கும், அதற்காகத்தான். 40 × 30 செ.மீ. அளவு வந்தால் போதும். அதிகப்படி ஸ்டார்ச்சை உதறிவிட்டுத் தட்டு அளவுக்கு வெட்டி, பன்னிரண்டு தாள் கீழே, பருப்பு, பன்னிரண்டு மேலே. வெட்டித் தள்ளிய ஓரங்களை எறியாமல் கீழ் அடுக்குகளுக்கிடையே சமமாகப் பரப்பிவிடுங்கள். இந்தத் தாளில் ஈரம் கூடுதல், ஆகவே ஓவனில் பத்து நிமிடம் அதிகமாகப் பிடிக்கும்.

இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா? நிறைய. கடைத் தாள் உடையும், கைத்தாள் நொறுங்கிக் கரையும். ஒரு பண்டிகைக்காவது செய்து பார்க்க வேண்டிய வேலை இது.

ஊருக்கு ஊர்

அடிப்படை கைவந்துவிட்டால் மற்றவை சுலபம். கிரீஸ் முறைக்கு வால்நட்டோடு பட்டைத்தூளும் துளி கிராம்புத்தூளும் கலந்து, ஒரே அடுக்காக இல்லாமல் நாலைந்து தாளுக்கு ஒருமுறை பருப்பைத் தூவுங்கள். பாகில் பாதிச் சர்க்கரைக்குப் பதில் தேன், அதில் ஒரு பட்டைத்துண்டும் எலுமிச்சைத் தோலும். தேனைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிராம்பைக் குத்தி வைப்பார்கள். சில வீடுகளில் இயேசுவின் வயதை நினைத்து 33 தாள் அடுக்கும் வழக்கமும் உண்டு.

லெபனான், சிரியா பக்கம் பாகில் ஆரஞ்சுப் பூ நீரும் பன்னீரும் சேரும். இரண்டையும் பாகு ஆறிய பின் ஒரு தேக்கரண்டி விட்டால் போதும். பூசைக்கும் முகத்துக்கும் விற்கும் பன்னீரை ஊற்றிவிடக் கூடாது, சமையலுக்கான பாட்டிலா என்று பார்த்து வாங்குங்கள். அங்கே முந்திரியை வைத்து விரல் போலச் சுருட்டும் வகையும் பிரபலம். பண்ருட்டி முந்திரி கைக்கெட்டும் நமக்கு மலிவாகவும் ருசியாகவும் வருவது அதுதான்.

ஈரானின் யாஸ்த் நகரத்துப் பக்லாவா சின்னச் சின்னத் துண்டாக, பாதாம், ஏலக்காய், பன்னீர் வாசனையோடு இருக்கும். நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகிற ருசி. அஜர்பைஜானில் நவ்ரோஸ் பண்டிகைக்குச் செய்வதில் தாள்கள் தடிமன், மேலே குங்குமப்பூ கலந்த முட்டை மஞ்சள்கரு பூச்சு, ஒவ்வொரு டைமண்டின் நடுவிலும் ஒரு முழுப் பருப்பு. அது மொறுமொறுப்பைவிட மென்மைக்கானது, ஆன்டெப் அளவுகோலால் அதை அளக்கக் கூடாது.

வைத்துச் சாப்பிட

ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம். நெய் உறைந்து வாயில் ஒட்டும், தாள் நமத்துப்போகும். முழுக்க ஆறி, எட்டு மணி நேரம் கடந்த பிறகு அகலமான டப்பாவில் ஒரே அடுக்காக வைத்து மூடினால் வெளியிலேயே ஒரு வாரம் இருக்கும். முதல் மூன்று நாள் அருமை. சென்னை, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால், டப்பாவை அடிக்கடி திறக்காமல் தேவையானதை ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளுங்கள். நமத்துவிட்டால் 150 டிகிரி ஓவனில் ஐந்தாறு நிமிடம் வைத்து, வெளியே எடுத்து ஆறவிட்டால் பாதிக்கு மேல் மீண்டுவிடும். மைக்ரோவேவ் இன்னும் குழைத்துவிடும்.

விசேஷத்துக்கு முன்கூட்டியே செய்ய நினைத்தால், அடுக்கி, வெட்டி, நெய் ஊற்றிய தட்டைச் சுடாமல் இறுக்கமாகச் சுற்றி ஃப்ரீசரில் வைக்கலாம், ஒரு மாதம் தாங்கும். ஆனால் ஒருமுறை உருகிய கடைத் தாளை மறுபடி உறையவைத்தால் கொஞ்சம் முறியும் என்பதால், இதற்குக் கைத்தாளே மேல். உருகவிடாமல் நேராக ஓவனுக்கே போகட்டும், 150 டிகிரியில் தொடங்கி இருபது நிமிடத்துக்குப் பிறகு 165-க்கு ஏற்றுங்கள். பாகை மட்டும் அன்றைக்கே காய்ச்சுங்கள்.